அட்டை மாறவில்லை

படக்காரர் கடலுக்குள் இறங்கியதும் எடுக்கும் முதல் படம் மீனாக இருந்ததில்லை. அது ஓர் உள்ளங்கை. இடது கை, விரல்கள் சேர்ந்தது, மோதிரம் கழற்றியது. படச்சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கை அவருடைய மனைவியுடையது. அதை எடுத்த பிறகுதான் ஆமை, திருக்கை, பவளப் பொந்துக்குள் மீசையாட்டும் இறால், காசு கொடுத்துக் கடலுக்குள் வந்து மிரண்டு போயிருக்கும் வாடிக்கையாளரின் முகம் எல்லாம். கரைக்கு வந்து படங்களைக் கணினியில் ஏற்றியதும் முதல் வேலையாக அந்தக் கையை அழித்துவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் அப்படி எடுத்து அழித்த கைகள் ஐயாயிரத்துக்குக் குறையாது.

காரணம் இருந்தது. தண்ணீர் நிறம் தின்னும். மூன்று ஆள் ஆழம் போவதற்குள் சிவப்பை முழுங்கிவிடும். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். ஆழத்தில் விரலைக் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத்தான் தெரியும். கேமராவுக்கு இந்த அநியாயம் தெரியாது. யாராவது அதன் முன்னால் ஒரு பொருளை நீட்டி, இதுதான் வெள்ளை, இதை வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்பும். எதைக் காட்டிச் சொன்னாலும் நம்பும். கேமராவைப் போல வெகுளி உலகத்தில் கிடையாது.

இதற்கென்றே வெள்ளை பிளாஸ்டிக் அட்டை விற்கிறார்கள். படக்காரரும் ஒரு காலத்தில் அட்டைதான் வைத்திருந்தார். அதை வீட்டில் மறப்பார், இல்லை படகில் மறப்பார். மறக்காமல் கொண்டுபோன ஒரு நாள் நீரோட்டம் அதைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. கடலில் ஒரு துண்டு பிளாஸ்டிக் போடக்கூடாது என்று தினமும் காலையில் படகில் நின்று பிரசங்கம் செய்கிறவர், தன் பங்குக்கு ஒன்றைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அந்தரத்தில் மிதந்தார். அப்போது பக்கத்தில் இருந்த மனைவி கையை நீட்டினாள்.

"அட்டையை எங்க வேணாலும் மறப்பீங்க. இதை மறக்க முடியாதுல்ல?" என்று மேலே வந்து கேட்டாள்.

உள்ளங்கை வெள்ளையில்லை என்பது அவருக்குத் தெரியாதா? அதற்கும் வழி இருந்தது. கேமராவுக்குள் ஒரு சின்னக் கட்டத்தாள் உண்டு. நடுப்புள்ளியை மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ நகர்த்தி வைக்கலாம். மனைவியின் உள்ளங்கைக்கு மஞ்சள் பக்கம் மூன்று கட்டம். மூன்று வைத்தால் மணல் மணலாக இருக்கும், ஆமை ஆமையாக இருக்கும். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் தங்கள் கைகளுக்கு ஒன்று, நான்கு, ஐந்து என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். இவருக்கு மூன்று. சிலருக்கு ஆதார் எண் மாதிரி, சிலருக்குச் செருப்பு அளவு மாதிரி, அது அவருடைய எண்.

கரையில் இந்த நிறப் பைத்தியம் எங்கே போகும் என்று தெரியாது. "இந்த பேன்ட் நீலமா கறுப்பா?" என்று அலமாரி முன்னால் நின்று கத்துவார். "எதுவானா என்ன, மேல போடப்போற சட்டை எப்படியும் சேராது" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

அவள் முதலில் அவர் வேலை பார்த்த டைவிங் கடையில் பதிவு எழுதிக்கொண்டிருந்தவள். மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம், பகலில் ஆறு மணி நேரம் மிச்சமானது. அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ச் செலவழித்தாள். கணவர் கொண்டுவரும் படங்களில் பாதி மீன் வால்களாக இருந்ததும் ஒரு காரணம். "மீனுக்கு முகம்னு ஒண்ணு உண்டா, இல்ல வாலோட முடிஞ்சிடுதா?" என்று கேட்டுத்தான் இறங்கினாள். இறங்கிய பிறகு தெரிந்தது, அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று. அரிசி அளவு நத்தை, பாசியோடு பாசியாக ஆடும் கடற்குதிரை, கடல் விசிறியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நகத்தளவு நண்டு எல்லாவற்றையும் இரும்புக் குச்சியின் நுனியால் காட்டுவாள். பூச்சி பிடிக்கிறவள் என்பதால் கடையில் எல்லாருக்கும் பூச்சியக்கா. முதலாளிக்கும் பூச்சியக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்கு டைவர்களுக்குப் படக்காரர் வகுப்பு எடுப்பார். "துரத்தாதீங்க. துரத்தினா வால்தான் கிடைக்கும். பக்கத்துல போங்க, மூச்சை மெதுவா விடுங்க, அதுவா திரும்பிப் பார்க்கும். மேல நின்னு கீழ பார்த்து எடுக்காதீங்க, மீன் என்ன தரையில கிடக்கிற சில்லறையா? முக்கியமா, எதையும் தொடாதீங்க." கையுறைக்கு அனுமதியில்லை. கையுறை போட்டால் தைரியம் வந்து பவளத்தைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே படகில் எல்லாருடைய கையும் வெறும் கை. பூச்சியக்காவின் கையும்தான்.

தண்ணீருக்குள் பேச முடியாது. இந்தத் தம்பதியின் ஒற்றுமைக்கு அதுதான் காரணம் என்று முதலாளி சொல்வார். தினமும் இரண்டு முறை, முறைக்கு ஐம்பது நிமிஷம், இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே திசையில் போனார்கள். மிச்ச நேரத்தில் அதைச் சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பருவத்தின் நடுவில் படங்கள் நீலமாக ஆரம்பித்தன.

கொஞ்சம்தான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மணலில் ஒரு நீலச் சாயல், ஆமையின் கழுத்தில் ஒரு குளிர். படக்காரர் மூன்றை நான்காக்கினார். சரியாகிவிட்டது. பத்து நாளில் மறுபடியும் நீலம். ஐந்தாக்கினார். தண்ணீர் கலங்கலோ, வெயில் சாய்கிறதோ என்று நினைத்தார். இரண்டும் இல்லை. ஆறு.

"கேமராவுக்கு வயசாயிடுச்சும்மா" என்றார்.

"அதுக்கு மட்டுமா?" என்றாள் மனைவி. அப்போது அவள் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அரிப்பு. டைவர்களுக்கு அரிப்பு ஒரு நோயா என்ன? ரப்பர் உடை கடிக்கும், உப்பு கடிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கடல் கழுதை உரசிவிட்டுப் போகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது, அதற்காக இருவரும் சந்தோஷப்பட்டார்கள். உடம்பு மிதக்காமல் கீழே இறங்குவதற்கு இடுப்பில் ஈயக் கட்டிகள் கட்டிக்கொள்வார்கள். பூச்சியக்காவுக்கு ஆறு கட்டி. ஒரு நாள் ஒன்றைக் கழற்றிவிட்டு ஐந்தோடு இறங்கினாள். கல் மாதிரி இறங்கினாள். படகில் எல்லாருக்கும் கேட்கும்படி, "பார்த்துக்கோங்க, இந்த வயசுல இளைச்சிருக்கேன்" என்றாள். கணவர் கை தட்டினார். கழற்றிய கட்டி வீட்டு அடுக்களைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுக்கப் போனது.

எட்டு. அப்புறம் ஒன்பது. கட்டத்தாளில் ஒன்பதுக்கு மேல் கட்டம் இல்லை. மிச்சத்தைக் கணினியில் சரி செய்தார். கேமராவை சர்வீஸுக்கு அனுப்பினார். அது போயிருந்த வாரம் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினார், அதுவும் நீலம். இரண்டு கேமராவுக்கும் ஒரே நோய் என்றால் என்ன அர்த்தம்? கணினித் திரையில் கோளாறு என்று அர்த்தம். திரையைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஜன்னலுக்கு எதிரே மாற்றி வைத்தார். அறிவாளிகளுக்கே உரிய விடாமுயற்சியோடு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், ஒன்றைத் தவிர.

கேமரா திரும்பி வந்தது. ஒரு பழுதும் இல்லை என்று சீட்டு ஒட்டியிருந்தது. படக்காரருக்குக் கோபம் வந்து, பத்துப் படங்களை இணைத்து சர்வீஸ்காரருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பத்தும் மீன்கள், கைகளைத்தான் அழித்துவிடுவாரே. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அதை மதியச் சாப்பாட்டின்போது மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"'சார், கேமரா நல்லாயிருக்கு. நீங்க வெள்ளைக்கு எந்த அட்டையைக் காட்டறீங்க? பழைய அட்டைன்னா மஞ்சளாயிருக்கும். அட்டை மஞ்சளானா படம் நீலமாத்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமா மாறறதால கூடவே வச்சிருக்கறவங்களுக்குத் தெரியாது. புதுசு ஒண்ணு வாங்கிப் பாருங்க.'"

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புரையேறியது. "என்னை மாத்தச் சொல்றாரு!"

"பத்தொன்பது வருஷம் ஆயிடுச்சுல்ல, ஞாயம்தானே?"

"மாத்துங்க, மாத்துங்க. வர்றவளுக்கு முதல்ல உங்க சட்டையைக் காட்டுங்க, ஓடியே போயிடுவா."

சிரித்து முடித்துத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, படக்காரர் பதில் எழுதினார்: அட்டை மாறவில்லை. பத்தொன்பது வருஷமாக அதே அட்டைதான்.

அவர்கள் வீட்டில் எரிந்ததெல்லாம் மஞ்சள் பல்பு. வெள்ளை விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று மாற்றியவர் அவரே. படகில் அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டாள், முகத்தில் வெள்ளை வெயில் களிம்பு. தண்ணீருக்குள் மஞ்சளைத் தண்ணீரே தின்றுவிடும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு சாண் தூரத்தில், லென்ஸ் வைத்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் டைவ் செய்ய வருகிற ஒரு பல் டாக்டருக்குத் தெரிந்தது.

முதல் டைவ் முடிந்து மேலே வந்திருந்தார்கள். பூச்சியக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க."

"வாயைத் திறக்கணுமா?"

"வேணாம். கண்ணைத் திறங்க." பார்த்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "இன்னைக்கு ரெண்டாவது டைவ் வேணாம்க்கா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே."

ஆஸ்பத்திரி அறையில் வெள்ளைக் குழல் விளக்கு. ரத்தம் எடுப்பதற்காக அவள் கையை மேஜைமேல் நீட்டி, உள்ளங்கையைத் திருப்பி வைத்தாள். பழக்கதோஷம், விரல்களைச் சேர்த்து வைத்தாள். கீழே வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. படக்காரர் அந்தத் துண்டையும் அந்தக் கையையும் பார்த்தார்.

"எவ்வளவு நாளா மஞ்சளா இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மஞ்சளா? அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றாள் மனைவி.

டாக்டர் அவரைப் பார்த்தார். படக்காரருக்கு விடை தெரியும். நாள் தெரியும், அன்றைக்கு எத்தனையாவது டைவ் என்று தெரியும், ஒவ்வொரு கட்டமும் எப்போது நகர்ந்தது என்று தெரியும். அவ்வளவு துல்லியமான நோய்க்குறிப்பு அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவரிடமும் இருந்திருக்காது.

"தெரியலைங்க" என்றார்.

பித்தநாளத்தை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. ஈரலுக்குள்ளும் கால் வைத்துவிட்டது. ரெண்டு மாசம் முன்னால் வந்திருந்தால் அறுவைச் சிகிச்சை பற்றி யோசித்திருக்கலாம் என்று டாக்டர் யாரையும் குறிப்பிடாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். படக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ரெண்டு மாசம் முன்னால் ஐந்தாவது கட்டம்.

வேறு ஊரில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் வந்து சேர்வதற்குள் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே. ஒரு பிற்பகல் தலையணையில் சாய்ந்துகொண்டு தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க. அந்த சர்வீஸ்காரருக்கு ஒரு பதில் போட்டுடுங்க."

"யாருக்கு?"

"அதான், அட்டையை மாத்தச் சொன்னாரே. அவர் சொன்னதுதான் சரின்னு எழுதுங்க. பாவம், நீங்க அவரைப் போய்த் திட்டி வேற எழுதினீங்க."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான் பார்த்திருக்கணும்மா."

"நீங்க பார்த்தீங்க. ரெண்டு பேரும்தான் சிரிச்சோம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பொண்ணுகிட்ட இதைச் சொல்லாதீங்க. அவளுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். நான்தான் மறைச்சேன்னு நினைச்சுக்கட்டும். என்னைத் திட்டினா எனக்குக் கேட்கவா போகுது? உங்களைத் திட்டினா, நீங்க சாப்பிடமாட்டீங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன பதினான்காவது வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மகள் ஒரு மாசம் லீவு போட்டுத் தங்கினாள். அம்மா சொன்னபடியே நடந்தது, அம்மாவைத் திட்டினாள். காப்பி கலக்கும்போது திட்டினாள், துணி மடிக்கும்போது திட்டினாள். "எப்பவும் இப்படித்தான். காய்ச்சல்னா சொல்லமாட்டா, பல்வலின்னா சொல்லமாட்டா. உங்களுக்கே தெரியாம மறைச்சிருக்கா பாருங்கப்பா, எவ்வளவு அழுத்தம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா." படக்காரர் காப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். செத்தவளுக்குக் கேட்காது என்பது உண்மை. ஆனால் அந்த வீட்டில் கேட்கிற காது இன்னொரு ஜோடி இருந்தது. அதை மனைவி கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு நாள் முற்பகல் மகள் அம்மாவின் டைவிங் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புப் பட்டையை எடுத்தவள், அடுக்களைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஈயக் கட்டியையும் பார்த்து எடுத்தாள்.

"இதுவும் அம்மாவோடதா? ஏன் தனியா கிடக்கு?"

"கழட்டிட்டா. ஆறு தேவைப்படலை, அஞ்சு போதும்னு."

"ஏன்?"

"இளைச்சிட்டா."

மகள் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அதையும் மறைச்சா. சத்தமில்லாம கழட்டிக் கதவுக்கு வச்சிருக்கா. கல்நெஞ்சு!"

"மறைக்கலை" என்றார் படக்காரர். "படகுல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னா. நான் கை தட்டினேன்."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று, நான்கு, ஐந்து. பழைய கேமரா, கணினித் திரை, ஒன்பதாவது கட்டம். சர்வீஸ்காரரின் கடிதத்தை வரி மாறாமல் ஒப்பித்தார். தன் பதிலையும், மனைவி எழுதச் சொன்னதையும் ஒப்பித்தார். மகள் கட்டியைப் பிடித்தபடியே கேட்டாள். முடிந்ததும் ஈயக் கட்டியைக் கதவோரம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வந்தது. மனைவி சொன்னது அதிலும் சரி. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை.

நான்காம் நாள் காலை மகள் வந்து கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "காட்டுங்க."

காட்டினார். அந்தப் பத்து வாரத்துப் படங்கள் எல்லாம் மாசுமருவில்லாமல் இருந்தன; மணல் மணலாக, ஆமை ஆமையாக. அவ்வளவு நன்றாகச் சரி செய்திருந்தார். ஒவ்வொன்றிலும் தான் போட்ட திருத்தத்தை எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக நீலம் திரும்பி வந்தது. முதலில் சாயலாக, அப்புறம் அடர்ந்து, கடைசி வாரத்தில் கிட்டத்தட்ட மை. மகள் தேதிகளை வாசித்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது வாரத்தில் ஒரு தேதிக்கு நின்றாள். "அன்னைக்கு என் பிறந்தநாள். போன்ல பேசினா. நல்லாதான் இருக்கேன்னா."

"நல்லாதான் இருந்தா. பொய் சொல்லலை."

கேமராவுக்குள் இன்னும் ஓர் அட்டை இருந்தது, படம் பதிகிற மெமரி அட்டை. பல் டாக்டர் வந்த நாளில் எடுத்தது. அன்றைக்கு யாருக்கும் அதை எடுத்துப் பார்க்க நேரமில்லை. முதல் படமாக அந்தக் கை இருந்தது, அழிக்காமல். ஐயாயிரத்தில் மிஞ்சிய ஒன்று. தண்ணீரின் நீலத்தில் அது மஞ்சளாக இல்லை. ஒரு கையாக மட்டும் இருந்தது. கத்தி பட்ட தழும்பு, உப்பில் ஊறிச் சுருங்கிய விரல் நுனிகள். மகள் திரையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா எழுதச் சொன்னதை எழுதிட்டீங்களா?"

"இல்லை."

"எழுதுங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினார். நீங்கள் சொன்னது சரி. கேமராவில் கோளாறு இல்லை. அட்டைதான் மஞ்சளாகியிருந்தது. அன்று கோபமாக எழுதியதற்கு மன்னிக்கவும். அனுப்பிவிட்டு இருவரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அவருக்குக் கண்ணாடி வழியாக எழுத்து தெரியவில்லை, மகள் வாசித்தாள்.

"'ரொம்ப சந்தோஷம் சார். நிறைய பேர் ஒத்துக்கவே மாட்டாங்க. புதுசு வாங்கியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். பழைய அட்டையை...'"

"என்ன?"

"'பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுடுங்க சார். வீட்டுல கிடந்தா மறுபடி அதைத்தான் கை எடுக்கும்.'"

படக்காரர் தலையாட்டினார். கேமராவிலிருந்து அந்த அட்டையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல மனுஷன்" என்றார். "எப்பவும் உடனே பதில் போட்டுடுவார்."